சுண்ணாம்பு டப்பி, மஞ்சள் டேப்பு

உயரம் என்றால் எனக்குப் பயம். இருபது வருஷமாகப் பாரம் தூக்கும் மெஷின்களில் ஏறி இறங்கிப் பிழைக்கிறவன் இதை வெளியே சொல்லக்கூடாதுதான், சொல்லிவிட்டேன். ஏணியில் நாலாவது படியைத் தாண்டினால் என் முழங்கால் என்னைக் கேட்காமல் தனியாக ஓர் ஆட்டம் ஆடும். கீழே நிற்கிறவர்கள் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று எதையாவது உளறிக்கொண்டே ஏறுவேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் முழங்காலைப் பார்ப்பதில்லை. நான் வேடிக்கைக்காரன் ஆன கதை இவ்வளவுதான். திறமை ஒன்றும் கிடையாது, வெறும் நடுக்கம்.

குன்னூரிலிருந்து ஜெகதளா போகிற வழியில் ஒரு தேயிலை பாக்டரி. லாரியில் வந்து இறங்கும் பச்சை இலையை இரண்டாவது மாடிக்கு ஏற்றி, அங்கே நீளத் தொட்டிகளில் பரப்பி வாட்டுவார்கள். ஏற்றுவதற்குக் கூரை உத்திரத்தில் ஒரு மோட்டார், அதிலிருந்து இரும்புக் கயிறு, நுனியில் கொக்கி. கீழே ஒருவர் வலைப்பைகளை நாலைந்தாகச் சேர்த்து மாட்டிவிடுவார். மேலே சுவரில் கதவளவு ஒரு திறப்பு. அதன் விளிம்பில் நின்றுகொண்டு ஒரு பெண், ஒரு கையால் பொத்தானை அழுத்தி, மறு கையால் ஆடி வரும் பைகளை வளைந்த கம்பியால் பிடித்து உள்ளே இழுப்பார். திறப்புக்குக் குறுக்கே இடுப்பளவு இரும்புக் கதவு ஒன்று உண்டு. அது எப்போதும் திறந்தே கிடந்தது. மூடினால் எப்படி இழுப்பது?

அந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சின்னப் பிள்ளையாக சிலோன் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவர். பாக்டரிக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளை நாங்கள் எல்லாரும் லைன் என்போம். அவர் மட்டும் லயம் என்பார். அங்கே கடைசி வீடு அவருடையது. வேலை இருக்கும் வரைதான் வீடு. ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வருஷம். அதற்குள் கோயமுத்தூரில் நர்ஸ் படிக்கும் மகள் வேலைக்குப் போய்விடுவாள், பிறகு லயம் இருந்தால் என்ன போனால் என்ன என்பது அவருடைய கணக்கு. கணவர் இல்லை. இந்த மூன்று வருஷம்தான் அவருக்கு இருந்த ஒரே சொத்து. இதையெல்லாம் முதல் நாளே, நான் ஏணியில் கண்ணை மூடிக்கொண்டு தொங்கிய நேரத்தில், சொல்லிவிட்டார். என் நடுக்கத்தை மறைக்க நான் பேசினேன். அவர் பேச ஆள் கிடைத்ததற்காகப் பேசினார்.

நான் போனது அந்த மெஷினுக்கு சென்சார் பெட்டி பொருத்த. டிபன் கேரியர் அளவில் ஒரு கண்ட்ரோல் பெட்டி, அதிலிருந்து மூன்று சென்சார்கள். ஒன்று கொக்கியில் தொங்கும் எடையைப் பார்க்கும். ஒன்று பாரம் மேலே வந்ததும் நிறுத்தும். மூன்றாவது, கதவுக்குப் பக்கத்தில் கட்டைவிரல் தடிமனில் நிற்கும். இரும்புக் கதவு மூடி நாலு மில்லிமீட்டருக்குள் நெருங்கினால்தான் மோட்டாரை ஓட விடும். கதவு திறந்திருந்தால் எல்லாம் நின்றுவிடும். கை உள்ளே போகும் நேரத்தில் பாரம் அசையக் கூடாது என்பது அதன் தர்மம். நல்ல தர்மம்தான்.

ஒவ்வொரு சென்சாருக்கும் மூன்று கம்பி. பிரவுன் பிளஸ், நீலம் மைனஸ், கறுப்பு செய்தி சொல்கிற கம்பி. இவ்வளவு எளிய வேலையையும் நான் கெடுத்தேன். பைப் மிச்சமாகட்டும் என்று சென்சார் கம்பியையும் மோட்டார் கம்பியையும் ஒரே பைப்பில் இழுத்துவிட்டேன். மோட்டார் ஓடத் தொடங்கியதும் வெறும் கொக்கி முந்நூறு கிலோ என்று பெட்டி காட்டியது.

“கொக்கியில பேய் தொங்குதா தம்பி?” என்றார் அக்கா.

“இல்லீங்க்கா, என் மூளை தொங்குது. அதான் இந்தக் கனம்.”

“அப்பிடின்னா காலின்னுல்ல காட்டணும்?”

மாடியில் தொட்டிகளில் இலை பரப்பிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். வாய்ச்சண்டையில் என்னைத் தோற்கடிக்கிற ஆள் அகப்படுவது அபூர்வம். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கம்பிகளைப் பிரித்து வேறு பைப்பில் போட்டேன், பேய் இறங்கிவிட்டது.

இரண்டாம் நாள், மேலே நிறுத்துகிற சென்சாரை உத்திரத்தில் முடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஏணிக்குக் கீழே வந்து நின்றார்.

“தம்பி, இங்க நிறுத்துனா பை வாசலுக்கு ஒரு சாண் மேல நிக்கும். இழுக்கயில கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக்கிட்டேதான் இழுக்கணும். கதவு தொறந்திருந்தா மெஷின் ஓடாதுங்கிறீங்க. அப்ப நான் எப்பிடி எறக்குறது?”

“ட்ராயிங்ல இப்படித்தானுங்க்கா இருக்குது.”

“ட்ராயிங் போட்டவங்க என்னிக்காச்சும் ஒரு பை இழுத்துப் பாத்திருக்காங்களா?”

“அவங்க எல்லாம் காபி குடிக்கிறவங்களாட்ட இருக்குதுங்க்கா.”

அவர் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்துவிட்டால் பதில் சொல்லி முடித்த மாதிரி நான் நடந்துகொள்வேன். அன்றும் அப்படித்தான். உண்மையில் அவர் கேட்டதற்குப் பதில் இருந்தது. கதவு திறந்திருக்கும்போதும் ஒரு சாண் மட்டும், ஊர்வது போல மெதுவாக இறக்க ஒரு தனிப் பொத்தான் போடலாம். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடுகிற மாதிரி. கை பொத்தானில் இருந்தால் பாரத்துக்கு அடியில் போகாது. எனக்கு வேலை தரும் சென்சார் கம்பெனிக்கு ஒரு போன், கொஞ்சம் கம்பி, அரை நாள் வேலை. அந்த அரை நாள் ஏணி மேல் நிற்க வேண்டிய அரை நாள். நான் இறங்கிவிட்டேன்.

மழை விட்டு வெயில் அடித்ததும் இலை வந்து குவிந்தது. ஒவ்வொரு தடவையும் கதவை மூடி ஏற்று, திற, இழு, மாட்டிக்கொள்ளும், மறுபடி மூடு, இறக்கு, திற. கீழே பைகள் மலையாகிவிட்டன. குவியலாகக் கிடந்தால் பச்சை இலை உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துவிடும்; அதன் பிறகு அது டீக்கு ஆகாது. மேனேஜர் படியில் நின்று மாடியைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தார். முப்பது வருஷம் ஒரு பேச்சு வாங்காத அக்கா, அந்த ஒரு வாரத்தில் முப்பது வருஷத்துக்கும் சேர்த்து வாங்கினார். எனக்குப் போன் செய்தார்.

நான் போனபோது பதினோரு மணி டீ நேரம். பெண்கள் தம்ளரோடு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு மேடை ஞாபகம் வந்துவிடும். அக்கா சுருக்குப் பையைப் பிரித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அவரிடமிருந்து சுண்ணாம்பு டப்பியை வாங்கினேன். தகர டப்பி, வட்டமாக, அமுக்கினால் திறக்கிற மூடி.

“இந்தப் பொட்டிக்கு எத்தன அறிவு இருக்குதுன்னு காட்டறேன் பாருங்க” என்று டப்பியைக் கதவு சென்சாரின் முகத்துக்கு நேரே பிடித்தேன். தகரத்தைக் கதவு என்று நம்பி அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு விரியத் திறந்திருக்கும்போதே பொத்தானை அழுத்தினேன். கொக்கி ஜம்மென்று இறங்கியது.

“அட, இத்தன படிச்ச பொட்டியை என் சுண்ணாம்பு டப்பி ஏமாத்திருச்சே!” என்றார் அக்கா. மாடியே கலகலத்தது. நான் குனிந்து ஒரு கும்பிடு போட்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் அது வேடிக்கை. நான் நிறுத்தவில்லை. பையிலிருந்து என் மஞ்சள் டேப்பை எடுத்து, டப்பியை சென்சாரின் மேல் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினேன். “அடுத்த வாரம் வந்து பொத்தான் போட்டுத் தரேனுங்க்கா. அது வரைக்கும் ஓட்டுங்க.”

“மறந்துற மாட்டீங்களே?”

“என் வயிறு சாப்பாட்டை மறந்தாலும் நான் மறக்க மாட்டேனுங்க.”

மறந்துவிட்டேன். வயிறு மறக்கவில்லை. மூன்றாவது வாரம், குன்னூரில் ஒரு பேக்கரி வாசலில் நான் டீயில் வர்க்கியை முக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மேனேஜர் பேசினார். “உங்க சென்சார் என்னங்க பண்ணுச்சு? கை போயிருச்சு.” முதலில் எனக்கு என் கையைத்தான் பார்க்கத் தோன்றியது. வர்க்கி டீக்குள் கரைந்து விழுந்திருந்தது.

ஈர இலை, கனமான பாரம். மோட்டாரின் பிரேக் தேய்ந்திருந்தது. ஒரு சாண் இறங்க வேண்டியது ஒரு முழம் இறங்கிவிட்டது. கொக்கி வளையத்துக்கும் வாசல் விளிம்புக்கும் நடுவே அக்காவின் வலது கை. சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மாடி காலி. தொட்டிகளின் காற்றாடி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சென்சாரின் மேல் டப்பி அப்படியே இருந்தது, என் மஞ்சள் டேப்போடு. அந்த பாக்டரியில் எல்லாரும் கறுப்பு டேப்புதான். மஞ்சளை நான் மட்டுமே வைத்திருப்பேன், என் வேலை தனியாகத் தெரிய வேண்டும் என்கிற பெருமைக்காக. நன்றாகவே தெரிந்தது. மேனேஜரின் காலடி படியில் கேட்டது. நான் டேப்பை உரித்து உருட்டி ஜெர்கின் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் மேலே வந்ததும் டப்பியை மட்டும் நீட்டினேன்.

“இதுதானுங்க சார். சென்சாருக்கு முன்னால இத வெச்சிருக்காங்க.”

யார் வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பொய் சொல்லாமலே பொய் சொல்லும் வழி, அந்த நிமிஷத்தில், அந்த உயரத்தில், எனக்குத் தானாக வந்தது. முழங்கால் அப்போது ஆடவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. மேனேஜர் அறையில், ருசி பார்க்கும் வெள்ளைக் கிண்ணங்கள் அடுக்கிய மேஜைக்கு அந்தப் பக்கம் இன்சூரன்ஸ் அதிகாரி ஒருவர். இந்தப் பக்கம் நான். அக்கா வாசலை ஒட்டி ஸ்டூலில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு. பாதுகாப்புச் சாதனத்தை அவரே வேண்டுமென்று முடக்கினார் என்றாகிவிட்டால் நஷ்டஈடு கிடையாது, வேலை கிடையாது. வேலை இல்லையென்றால் லயமும் இல்லை. அறையில் இருந்த நாலு பேருக்கும் அது தெரியும்.

“இந்த டப்பி யாரோடதும்மா?” என்றார் அதிகாரி.

“என்னோடதுதாங்க.”

“நீங்கதான் வெச்சீங்களா?”

“இல்லைங்க. இவருதான்.” கட்டுப் போட்ட கையை என் பக்கம் திருப்பினார். விரல் நீட்ட முடியாததால் முழுக் கையையும் திருப்ப வேண்டியிருந்தது. “இவருதான் மஞ்ச டேப்பு சுத்தி ஒட்டிக் குடுத்தாரு. அடுத்த வாரம் வந்து பொத்தான் போடுறேன்னும் சொன்னாரு. அந்நேரம் அங்க இருந்த எல்லாரையும் கேளுங்க.”

“டேப் இருந்துதுங்களா?” அதிகாரி மேனேஜரைக் கேட்டார்.

“நான் பாக்கலீங்க. வேற யாரும் எதும் பாத்ததாச் சொல்லலீங்க.” மற்றப் பெண்களுக்கும் லயத்தில்தான் வீடு.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சமதரையில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் ஆடத் தொடங்கியது. எப்போதும் போல வாய் தானாகத் திறந்துகொண்டது.

“சார், பூட்டு விக்கறவன் பூட்டோட திருட்டுச் சாவியும் சேத்துக் குடுப்பானுங்களா? அப்படிப்பட்டவனுக்கு ஊட்ல சோறு போடுவாங்களா?”

அதிகாரி சிரித்தார். மேனேஜர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் உதடும் பழக்கத்தில் ஒரு பக்கம் லேசாக ஏறியது. என் பேச்சுக்குச் சிரித்துச் சிரித்துப் பழகிய உதடு. பாதி வழியில் அவருக்குப் புரிந்தது. ஏறிய உதடு அப்படியே நின்றது. அந்த முகத்தை நான் இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

யாரும் யாரையும் மேற்கொண்டு கேட்கவில்லை. தொழிலாளியின் சொந்த அலட்சியம் என்று முடிவானது. மாதம் முடிவதற்குள் அவர் வீட்டைக் காலி செய்தார்.

அடுத்த மாதம் நான் அதே மாடிக்குப் போய், டப்பிக்கு ஏமாறாத புது சென்சாரையும், இரு கையால் அழுத்துகிற பொத்தானையும் பொருத்தினேன். அரை நாள் என்று நினைத்திருந்தேன்; இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதுதான் இன்னும் கசக்கிறது. மேனேஜர் தானே ஒரு பாரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “மொதல்லயே இப்படிப் பண்ணியிருக்கலாமேங்க” என்றார்.

“அந்த அக்கா மொதல்லயே சொன்னாங்க சார். நான்தான் பண்ணல. டேப் ஒட்டுனதும் நான்தானுங்க.”

அவர் என் தோளில் தட்டினார். “உங்களுக்கு எதுல விளையாடறதுன்னு ஒரு வெவஸ்தையே இல்லீங்களா?” என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டும் வந்தேன். நல்ல தூக்கம் வந்தது.

அடுத்த வருஷம் எமரால்டு என்கிற ஊரில் ஒரு கேரட் கழுவுகிற இடத்திலிருந்து அழைப்பு. மூட்டைகளைத் தூக்கிக் கழுவும் உருளைக்குள் கொட்டுகிற மெஷினுக்கு அதே மாதிரிப் பெட்டி. தண்ணீரும் சேறுமாக இருந்த களத்தில், கழுவி வந்த கேரட்டுகளைப் பத்துப் பதினைந்து பெண்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் இடது கையால் பொறுக்கினார்.

“என்னா கரண்டுக்காரரே, சொகமா?” என்றார், தலையை நிமிர்த்தாமலே. “தொப்பை எறங்கலயே.”

“இருக்கேனுங்க்கா. பாப்பா எப்படி இருக்குதுங்க?”

“படிப்ப விடல. லீவுக்கு வர வீடுதான் இல்ல, ஆஸ்டல்லயே கெடக்குது. நான் இங்க இன்னொரு பொம்பளயோட ஒரு ரூம்ல இருக்கேன். அதுலயும் மழை ஒழுகுது.”

அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன்.

“எப்ப?”

“இன்னிக்கே ஊட்டுக்குப் போயி…”

“இங்கயே எழுதுங்க. வீட்டுக்குப் போறதுக்குள்ள உங்க வாய் வேற எதையாச்சும் சொல்லிரும்.”

சாப்பாட்டு நேரத்தில், கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை அவர் வாங்கி, மூன்று விரலால் பிடித்துப் படித்தார். “வெற்றிலைக்குத் துணை போக வேண்டிய டப்பியை இன்ஜினீயர் வேலைக்குச் சேர்த்துவிட்டவன் அடியேன்தான்” என்று தொடங்கியிருந்தேன். வேண்டுமென்று எழுதவில்லை. கை அப்படித்தான் போயிற்று.

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “இதப் படிச்சா அங்கயும் சிரிப்பாங்க. சிரிச்சிட்டு என்னய அனுப்பிருவாங்க.”

வேறு தாளில் எழுதினேன். கதவு சென்சாரின் மேல் தகர டப்பியை வைத்து ஒட்டியது நான். பொத்தான் தேவை என்று அவர் பொருத்தும்போதே சொன்னார், நான் செய்யவில்லை. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லி, போகவில்லை. விபத்துக்குப் பிறகு டேப்பை எடுத்து மறைத்தது நான். விசாரணையில் நான் சொன்னது பொய். கீழே கையெழுத்துப் போட்டேன். ஜெர்கின் பையில் அந்த டேப்பு உருண்டை இன்னும் இருந்தது, பஞ்சும் பஸ் டிக்கெட்டும் ஒட்டிக்கொண்டு. ஒரு வருஷமாகத் துவைக்காத ஜெர்கினால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை. டேப்பைத் தாளின் ஓரத்தில் ஒட்டினேன்.

அவர் இரண்டு தடவை படித்தார்.

“சிரிப்பு வரல” என்றார். “இது போதும்.” மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான், கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போய்விட்டது. எனக்கு வேலை தந்துகொண்டிருந்த கம்பெனி இப்போது கூப்பிடுவதில்லை. வழக்கு இன்னும் தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. ஜெயித்தாலும் லயம் திரும்பி வராது. அந்தக் கடைசி வீட்டில் வேறு குடும்பம் இருக்கிறது, வாசலில் புதுக் கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும்.

அன்று சாப்பாட்டு நேரம் முடிந்ததும் சென்சாரையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு ஏணியைச் சாத்தினேன். ட்ராயிங்கைப் பிரிக்கவில்லை. அக்கா குவியலுக்குப் பக்கத்தில் திரும்ப உட்கார்ந்திருந்தார். மூட்டை எந்த இடத்தில் ஆடுகிறது, எங்கே மாட்டுகிறது என்பது அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

“அக்கா, இத எங்க வெக்கட்டுமுங்க?”

அவர் ஒரு கேரட்டை எடுத்து, திருப்பிப் பார்த்து, உடைந்ததுகளின் கூடையில் போட்டார்.

“என்னயக் கேக்காதீங்க” என்றார். “நான் கேரட் பொறுக்க வந்தவ. போன தடவ நீங்க கேக்காமலே சொன்னேன்.”